உள்ளே ஒரு கை... வெளியே ஒரு பலகை!

பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் நாலைந்து பானைகளை எடுத்து முன்னால் வைக்கிறார். எல்லாமே சிவப்பு, எல்லாமே உருண்டை. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பீர்கள். 'கணீர்' என்று ஓசை வந்தால், அந்தப் பானை உங்கள் வீட்டுக்கு வரும். 'பொத்'தென்று சத்தம் வந்தால், 'வேற குடுப்பா' என்று திருப்பித் தந்துவிடுவீர்கள்.

அம்மா நமக்குக் கற்றுத் தந்த வழக்கம் இது. அவருக்கு அவருடைய அம்மா!

இதே சோதனையை ஒருவர், மகான்களிடமே செய்து பார்த்தார். விரலால் அல்ல... மரப்பலகையால்! பானைகளை அல்ல... தலைகளை! யார் அவர், ஏன் அப்படிச் செய்தார் என்று பார்ப்பதற்கு முன்பு, குயவர் வீட்டில் அந்த மரப்பலகைக்கு என்ன வேலை என்பதைத் தெரிந்துகொள்வோமா?

சக்கரம் பாதி... பலகை பாதி!

பானை என்றதும் சுழலும் சக்கரம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், சக்கரம் செய்வது பாதி வேலைதான். கழுத்தும் விளிம்பும் அதில் அழகாக வந்துவிடும். வயிறு மட்டும் உருண்டு திரண்டு வராது. சுவர் தடிமனாக இருக்கும். அடிப்பாகம் திறந்தோ தட்டையாகவோ கிடக்கும். ஈரமண்ணை அதற்கு மேலும் இழுத்தால், அப்படியே சரிந்து உட்கார்ந்துவிடும்.

ஆகவே, அதை நூலால் அறுத்தெடுத்து நிழலில் வைப்பார்கள். விரல் வைத்தால் ஒட்டக்கூடாது. ஆனால் அழுத்தினால் கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் குயவர் அதை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். ஒரு கையில், உருண்டையான கல்லையோ சுட்ட மண்ணால் ஆன குமிழையோ பிடித்துக்கொண்டு, அந்தக் கையைப் பானைக்கு உள்ளே விடுகிறார். மறு கையில் மரப்பலகை. மண் ஒட்டாமல் இருக்க, கொஞ்சம் சாம்பல் தூவிக்கொள்கிறார். பிறகு வெளியிலிருந்து தட்டுகிறார்... தட்டுகிறார்... தட்டிக்கொண்டே இருக்கிறார்!

ஒவ்வொரு தட்டுக்கும் சுவர் மெலிகிறது, வயிறு விரிகிறது, திறந்திருந்த அடிப்பாகம் மெள்ள மெள்ள மூடிக்கொள்கிறது. தடித்த மண் வளையமாக இருந்தது, உருண்டைப் பானையாக மாறுகிறது. அந்த உருண்டை வெறும் அழகுக்காக அல்ல. மூலை முடுக்கு இல்லாத வயிறு என்பதால்தான், அடுப்புச் சூடு எல்லாப் பக்கமும் சீராகப் பரவுகிறது. பானை எளிதில் வெடிப்பதில்லை.

நம் சிவகங்கைச் சீமையில், மானாமதுரையில், சங்கீதக் கச்சேரிக்கான கடம் செய்கிறார்கள். அதையும் இப்படித்தான் பலகையால் தட்டித் தட்டி உருவாக்குகிறார்கள். பெண்களும் அந்தப் பலகையைப் பிடிப்பதுண்டு. கடத்தில் எழுகிற நாதத்துக்குப் பின்னால், கணக்கில் அடங்காத தட்டுகள் இருக்கின்றன!

இங்கேதான் ஒரு சூட்சுமம். பலகை எந்த இடத்தில் விழுகிறதோ, சரியாக அதே இடத்துக்கு நேராக உள்ளே இருக்கும் கை நகர்ந்து நிற்க வேண்டும். ஓர் அங்குலம் தவறினாலும் சுவர் உள்வாங்கிவிடும், ஓட்டை விழுந்துவிடும். அதாவது, அடி விழுவதற்கு முன்பாகவே அணைப்பு அங்கே போய்க் காத்திருக்கிறது!

வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பலகை மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் கையை யார் அறிவார்? பானை மட்டும்தான் அறியும்.

தேர் கிராமத்துக் குயவர்

மகாராஷ்டிர மாநிலம், தாராசிவ் மாவட்டத்தில் தேர்ணா நதிக்கரையில் இருக்கிறது தேர் என்கிற ஊர். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு 'தகரா' என்ற பெயரோடு பெரிய வணிக நகரமாக விளங்கிய இடம். சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, அந்த ஊரில் வாழ்ந்தவர் கோரா கும்பார். கும்பார் என்றால் குயவர். மண் மிதிக்கும்போதும், சக்கரம் சுற்றும்போதும், பலகையால் தட்டும்போதும் அவர் வாயில் 'விட்டல விட்டல' என்கிற நாமம்தான்!

1762-ல் மகிபதி என்பவர் மராத்தியில் எழுதிய 'பக்த விஜயம்' இவருடைய கதையை விரிவாகச் சொல்கிறது. நம் ஊர் பாகவதர்களும் உபந்யாசங்களில் காலம்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உங்கள் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்... 1948-ல் ஜெமினி நிறுவனம் எடுத்த 'சக்ரதாரி' படத்தில், நாகையா கோராவாக நடித்ததை நினைவு கூர்வார். என்ன பொருத்தமான தலைப்பு பாருங்கள்! பாண்டுரங்கனும் சக்கரம் ஏந்தியவன். குயவரும் சக்கரம் ஏந்தியவர்!

ஒரு நாள், கோரா குழியில் மண் மிதித்துக்கொண்டிருந்தார். மனைவி, தவழ்கிற குழந்தையை அருகில் விட்டு, 'பார்த்துக்கோங்க' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அப்பாவை நோக்கித் தவழ்ந்து வந்த குழந்தை குழிக்குள் விழுந்தது. கண்மூடி நாமத்தில் கரைந்திருந்த கோராவுக்கு எதுவுமே தெரியவில்லை. மண்ணோடு குழந்தையும் மிதிபட்டுப் போனது.

திரும்பி வந்த தாயின் நிலையை, தாயாகிய உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அவள் கதறினாள், கணவனை நிந்தித்தாள். தியானம் கலைந்த கோபத்தில், நடந்தது புரியாமல், அவளை அடிக்கக் கை ஓங்கினார் கோரா. அப்போது அவள் சொன்னாள், ''விட்டலன் மேல் ஆணை! என்னைத் தொடாதீர்கள்!''

ஓங்கிய கை அப்படியே நின்றது. அன்று முதல் அவர் மனைவியைத் தொடவே இல்லை.

இதைப் படிக்கும்போது, நம் தில்லைத் தலம் உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா? அறுபத்து மூவரில் ஒருவரான திருநீலகண்ட நாயனாரும் சிதம்பரத்தில் வாழ்ந்த குயவர்தான். அவர் வழி தவறியபோது, 'எம்மைத் தீண்டாதீர்' என்று திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டார் அவர் மனைவி. இளமை முழுவதும் ஒரே வீட்டில், ஊரார் அறியாமல், அந்த ஆணையைக் காத்தார்கள் இருவரும். முதுமையில் சிவனடியாராக வந்த ஈசன், மறைந்துபோன திருவோட்டின் பொருட்டு, 'மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்' என்றார். அவர்களோ ஒரு மூங்கில் கோலின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கை பிடிக்காத காரணத்தை ஈசன் கேட்க, ஊரறிய உண்மையைச் சொல்லி மூழ்கினார் நாயனார். எழுந்தபோது இருவருக்கும் இளமை திரும்பியிருந்தது. சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் இன்றும் அதற்குச் சாட்சி.

தெற்கே ஒரு குயவர். வடக்கே ஒரு குயவர். இரண்டு வீட்டிலும், கணவனைத் தட்டித் திருத்தும் பலகையாக மனைவியின் ஒரு சொல்தான் இருந்திருக்கிறது. அந்தச் சொல் கடுமையானது. ஆனால், அதற்குள்ளே பகவானின் நாமம் இருந்தது. வெளியே பலகை, உள்ளே கை!

கோராவின் கதைக்கு வருவோம். குலம் தழைக்க வேண்டுமே என்று, தன் தங்கையையே கணவருக்கு இரண்டாம் தாரமாக மணம் முடித்து வைத்தாள் மனைவி. 'இருவரையும் ஒரேமாதிரி நடத்துங்கள்' என்று மாமனார் சொல்ல, கோரா அதையே பிடித்துக்கொண்டார், இருவரையுமே தொடவில்லை. ஓர் இரவு, தூக்கத்தில் தன் கைகள் அவர்கள் மீது பட்டுவிட்டதை அறிந்து, ஆணையை மீறிய கைகளையே வெட்டிக்கொண்டார் என்கிறது கதை.

குயவனுக்குக் கைதானே பிழைப்பு? உள்ளே தாங்கவும் கை இல்லை. வெளியே பலகை பிடிக்கவும் கை இல்லை. வீடு என்ன ஆகும்?

அப்போதுதான், 'வேலை கிடைக்குமா?' என்று ஒரு குயவர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். பெயர், விட்டு. கூடவே அவர் மனைவி, மண் சுமக்க ஒரு கழுதை. வந்தவர் பண்டரிநாதன்! உடன் வந்தவள் ருக்மிணித் தாயார்! கழுதையாக வந்தது கருடாழ்வார்! தன் பக்தனுக்காகப் பகவான் மண் பிசைந்தார், சக்கரம் சுற்றினார், பானை தட்டினார். இத்தனை காலம் உள்ளே மறைந்து தாங்கிய கை, அன்றைக்கு வெளியே வந்து நின்றது, அவ்வளவுதான்!

பிறகு பண்டரிபுரத்தில் நாமதேவர் கீர்த்தனம் பாட, எல்லோரும் கை தட்டிப் பாட, கோரா தன் மொட்டைக் கரங்களை உயர்த்தினார். கைகள் முளைத்தன. 'என் குழந்தை எங்கே?' என்று தாய் கதறி அழைக்க, கூட்டத்தின் நடுவிலிருந்து குழந்தை தவழ்ந்து வந்தது. தாயின் கண்ணீரைப் பகவான் ஒதுக்கிவிட்டு, பக்தனின் தியானத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் பதில் சொன்னார். இதை நாம் கவனிக்க வேண்டும்.

தலையில் விழுந்த தட்டு

இப்போது, முதலில் சொன்ன சோதனைக்கு வருவோம்.

ஒரு சமயம் கோராவின் வீட்டில் மகான்கள் கூடியிருந்தார்கள். ஞானேஸ்வரர், அவருடைய சகோதரர்கள் நிவிருத்திநாதர், சோபானதேவர், தங்கை முக்தாபாய், நாமதேவர்... இப்படிப் பெரிய கூட்டம். ஞானேஸ்வரர் 1290-ல் பகவத்கீதைக்கு 'ஞானேஸ்வரி' எனும் உரை தந்தவர். 1296-ல், இருபத்தோரு வயதிலேயே ஆளந்தியில் ஜீவசமாதி அடைந்தவர். முக்தாபாய் அவருக்கும் இளையவள், சின்னப் பெண். கோராவோ எல்லோருக்கும் மூத்தவர். அவரை 'காகா' என்று அழைப்பார்கள். நம் ஊரில் சித்தப்பா என்பது போல.

மூலையில் கிடந்த மரப்பலகையைக் காட்டி, ''காகா, இது எதற்கு?'' என்று கேட்டாள் முக்தாபாய்.

''பானை தட்டுவதற்கு அம்மா. எது வெந்தது, எது வேகாதது என்று இதனால் தட்டினால் தெரிந்துவிடும்.''

''நாங்களும் மண்பானைகள்தானே? எங்களில் யார் வெந்தவர், யார் வேகாதவர் என்று சொல்லுங்களேன்!''

கோரா பலகையை எடுத்தார். வரிசையாக ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தட்டு! எல்லோரும் சிரித்த முகத்தோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாமதேவரின் முறை வந்தது. தட்டு விழுந்ததுமே அவருக்கு முகம் சிவந்துவிட்டது. 'விருந்தாளியை அழைத்துத் தலையில் அடிப்பதா?' என்று சீறினார்.

கோரா அமைதியாகப் பலகையைக் கீழே வைத்தார். ''எல்லாம் வெந்த பானைகள். இது ஒன்று மட்டும் பச்சை!''

சகோதரிகளே, யார் இந்த நாமதேவர்? சின்ன வயதில் இவர் கொண்டுபோன நைவேத்தியத்தை, விட்டலன் நேரில் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டான் என்பார்கள். பகவானோடு தோழனைப்போல் பேசுகிறவர். அவரைப் போய்ப் பச்சைப்பானை என்கிறாரே!

காரணம் இருக்கிறது. வெயிலில் காய்ந்த பானையும் சூளையில் வெந்த பானையும் வடிவத்தில் ஒன்றேதான். அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தால் இரண்டும் பானைதான். ஆனால், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்! காய்ந்தது கரைந்து மறுபடி மண்ணாகும். வெந்தது குளிர்ந்த நீர் தரும். நாமதேவரிடம் பக்தி என்ற வடிவம் நிறைவாக இருந்தது. 'பகவான் என்னோடு பேசுபவன்' என்கிற பெருமிதமும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தட்டு, அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

அழுதுகொண்டே விட்டலனிடம் ஓடினார் நாமதேவர். அவனும், 'கோரா சொன்னது சரிதான். குருவைத் தேடு' என்று, விசோபா கேசரரிடம் அனுப்பினான். அவுண்டா நாகநாதர் கோயிலில், சிவலிங்கத்தின் மீது காலை நீட்டிப் படுத்திருந்தார் அந்தக் குரு. 'எங்கே இறைவன் இல்லையோ, அங்கே என் காலை எடுத்து வை' என்றார். நாமதேவர் எந்தப் பக்கம் நகர்த்தினாலும், அந்தப் பக்கமெல்லாம் ஒரு லிங்கம்! அங்கே வெந்தது அந்தப் பானை.

நம் வீட்டில் நடப்பது என்ன?

காலை ஐந்து மணிக்கு எழுந்து கோலம் போட்டு, விளக்கேற்றி, சகஸ்ரநாமம் சொல்லி முடிக்கிறோம். மனசு நிறைந்திருக்கிறது. அடுத்த நிமிஷம், 'சாம்பாரில் உப்பு கூட' என்று ஒரு சொல் வந்து விழுகிறது. நம்மிடமிருந்து எழும் ஓசை 'கணீர்' என்றிருக்கிறதா, 'பொத்'தென்றா? பூஜை அறையில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்குமே தெரியாது. தட்டும்போதுதான் தெரியும். அப்படித் தட்டுகிறவர், நாம் அறியாமலே நமக்கு வாய்த்த கோரா கும்பார்!

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லா அடியும் பலகையின் அடி ஆகிவிடாது. உள்ளே தாங்குகிற கை இல்லாமல், வெளியிலிருந்து மட்டுமே விழுகிற அடி, பானையை உருட்டாது, உடைத்துவிடும். அதைப் பொறுத்துக்கொண்டே இருப்பதற்குப் பக்தி என்று பெயர் இல்லை. கோரா கை ஓங்கியபோது, அவர் மனைவி தலை குனிந்து நிற்கவில்லையே! பகவானின் பெயராலேயே தடுத்து நிறுத்தினாளே! அந்தத் துணிவையும் பகவான் கௌரவித்தார்.

இன்னொன்று. நம் கையிலும் ஒரு பலகை இருக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கண்டிக்கிறோம். புதிதாக வந்த மருமகளுக்கு வீட்டு வழக்கம் சொல்லித் தருகிறோம். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் குறை சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், தட்டாமல் எந்தப் பானையும் உருண்டு வராது. ஆனால், வாயைத் திறப்பதற்கு முன்பு ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்... 'என் இன்னொரு கை எங்கே இருக்கிறது?' பிள்ளையின் பயத்தை அறிந்த கை, மருமகளின் பிறந்த வீட்டு ஏக்கத்தை அறிந்த கை, அந்தப் பெண்ணின் களைப்பை அறிந்த கை... அது முதலில் உள்ளே போய் நிற்கட்டும். அதன் பிறகு பலகை விழட்டும். பதமும் பார்க்க வேண்டும்! ரொம்ப ஈரமான மண்ணைத் தட்டினால் நசுங்கும். காய்ந்து இறுகியதைத் தட்டினால் விரிசல் விடும். அழுதுகொண்டிருக்கும்போதும் வேண்டாம், கோபத்தில் இறுகியிருக்கும்போதும் வேண்டாம்.

பண்டரிபுரம் போகும் வாய்ப்பு எல்லோருக்கும் உடனே அமைவதில்லை. வந்தவாசிக்கு அருகில் தென்னாங்கூரிலும், கும்பகோணத்துக்கு அருகில் கோவிந்தபுரத்திலும் பாண்டுரங்கன் ருக்மிணியோடு நமக்காகவே நின்றுகொண்டிருக்கிறான். ஏகாதசி நாளில் ஒரு முறை சென்று வாருங்கள். இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்து நிற்கும் அந்தத் திருக்கோலத்தைப் பார்க்கும்போது, நினைத்துக்கொள்ளுங்கள்... கோராவின் வீட்டில் பானைக்கு உள்ளே புகுந்து தாங்கிய கை அதுதான். உங்கள் வீட்டிலும் அடி விழும் இடத்துக்கெல்லாம் முன்னதாகப் போய் நிற்பது அதுதான்.

பண்டரிபுரத்துக்கே போகிறவர்கள், கிழக்கு வாசலில் முதல் படியைக் கவனியுங்கள். அதற்கு நாமதேவர் படி என்று பெயர். விட்டலனைத் தரிசிக்க வரும் அடியார்களின் பாதம் என் மேல் பட வேண்டும் என்று வரம் கேட்டு, அந்தப் படியின் கீழே நாமதேவர் சமாதி கொண்டார் என்பது நம்பிக்கை. அங்கே அவருடைய திருவுருவமும் இருக்கிறது.

மரப்பலகையால் தலையில் ஒரு தட்டு விழுந்ததற்கே சினந்து எழுந்தவர் அவர். இன்று, ஆஷாட ஏகாதசிக்கு லட்சக்கணக்கான வாரகரி அடியார்கள் நடந்து வரும் அந்தத் தலத்தில், வாசல் படியாகக் கிடக்கிறார். பச்சைப்பானை எவ்வளவு பக்குவமாக வெந்துவிட்டது, பார்த்தீர்களா!